வெள்ளைப் பணியாரம்னா என்னன்னு அவ கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் ரொம்ப நீளம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன்லயே டைப் பண்ணி அனுப்பியிருக்காங்க, நடுவுல ரெண்டு எடத்துல 'இத மட்டும் போட்றாதீங்க மேடம்'னு வேற இருக்கு. அதெல்லாம் எடுத்துட்டேன், பேரும் மாத்திட்டேன். மிச்சத்த சுருக்கி சொல்றேன்.

எழுதினவங்களுக்கு 21 வயசு, தேனுன்னு வெச்சுக்குவோம். காரைக்குடியிலருந்து கொஞ்ச தூரத்துல சொந்த ஊர், பழைய பெரிய வீடு, சென்னைல காலேஜ் மூணாவது வருஷம். அவங்க டிபார்ட்மெண்டுக்கு எக்ஸ்சேஞ்ச்ல ஜெர்மனிலருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. அந்த பொண்ணுக்கு லேனான்னு பேர் வெக்கிறேன், ஜெர்மன்லயும் உள்ள பேரு, நம்ம பக்கம் பேருக்கு முன்னாடி போட்டுக்கற குடும்ப விலாசத்துலயும் அடிபடுற பேரு, ரெண்டு தரப்புக்கும் பொதுவா இருக்கட்டும். டிசம்பர் லீவுக்கு ஹாஸ்டல் காலியாகுது, லேனா ஒத்தையில இருக்க வேணாம்னு தேனு ஊருக்கு கூட்டிட்டு போயிருக்காங்க. 22ந்தேதி பல்லவன் ரயில்ல ராத்திரி வந்து எறங்கியாச்சு, 29 வரைக்கும் பிளான்.

23ந்தேதி ஆத்தங்குடி. 24 குன்றக்குடி, ஊர் செட்டு ஒம்பது பேரும் சேந்து மூணு பைக், ஒரு கார். அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடில எல்லாரும் கூடி பாட்டு, அரட்டை, லேனா மட்டும் பதினொரு மணிக்கு மேல மாடி மூலைக்கு போய் ஃபோன் பேச ஆரம்பிச்சது ஒரு மணி வரைக்கும் வரல. 25 காலைல அம்மா பிளம் கேக் வாங்கி வெச்சு எல்லாரும் கை தட்ட, லேனா அழுதுருச்சு. அன்னிக்கு சாயங்காலம் வீட்ல பிள்ளையார் நோன்பு, இழை எடுக்கறப்ப செட்டுல ஒருத்தன் வீடியோ எடுத்து ரீல் போட்டுட்டான். 26 காலைல டிஃபன் தட்டு வந்துச்சு, லேனா மூஞ்சி மாறுச்சு, ப்ராஜெக்ட் வேலை இருக்குன்னு சொல்லி அன்னிக்கு மத்தியானமே பஸ் ஏறிருச்சு. இப்ப காலேஜ்ல பாத்தா ஹாய் சொல்லுது, அவ்வளவுதான்.

அம்மா 'திமிர் புடிச்ச புள்ள, இனிமே கூட்டிட்டு வராத'ங்கறாங்க. செட்டு 'நீதான் மாறிட்ட, அவ முன்னாடி எங்கள பாத்து வெக்கப்பட்ட'ன்னு குரூப்ல சண்டை. பெரியப்பா ஒருத்தர் 'வெளிநாட்டுக்காரிய வீட்ல தங்க வெச்சா போலீஸ் கேஸ் ஆயிரும், தெரியுமா'ன்னு பயமுறுத்தியிருக்கார். பொங்கல் லீவு வருது. அதுக்கு வரச்சொல்லி லேனாவ தேனு முன்னாடியே கூப்பிட்டு வெச்சிருக்காங்க. தேனு கேக்குறது: நான் என்ன தப்பு பண்ணேன், நம்ம ஊரு, நம்ம சாப்பாடு அவளுக்கு புடிக்கலையா, பொங்கலுக்கு மறுபடி கூப்பிடவா, அப்படியே விட்டுடவா.

தேனு, மொதல்ல ஒண்ணு. நான் உங்க பக்கத்த மட்டும்தான் படிச்சிருக்கேன், லேனாட்ட பேசல. அதனால அவ மனசுல இதுதான் இருந்துச்சுன்னு அடிச்சு சொல்ல என்னால முடியாது. ஆனா உங்க லெட்டர்லயே நீங்க கவனிக்காம எழுதிட்டுப்போன விஷயங்கள் நெறைய இருக்கு, அத உங்களுக்கே திருப்பி காட்டலாம்.

24ந்தேதி ராத்திரி

நீங்க, உங்க அம்மா, செட்டு எல்லாரும் இந்த ஒரு ராத்திரிய வெச்சுத்தான் லேனாவுக்கு நம்மள புடிக்கலன்னு முடிவுக்கு வந்திருக்கீங்க. அம்மா ஒரு படி மேல போய் 'எவன்கிட்டயோ பேசிட்டு நிக்குறா'ன்னுட்டாங்க. ஜெர்மனில கிறிஸ்மஸ்ங்கறது 25 காலைல இல்ல தேனு, 24 சாயங்காலம்தான். அன்னிக்கு ராத்திரிதான் வீட்டோட உக்காந்து பரிசு பிரிக்கிறது. பெரிய விருந்துகூட நெறைய வீட்ல மறுநாள்தான், 24 ராத்திரிக்கு உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் வெச்சு சிம்பிளா முடிச்சுக்கறவங்க அங்க ஜாஸ்தி. 25, 26 ரெண்டு நாளும் அரசு லீவு, சொந்தக்காரங்க வீட்டுக்கு போறதெல்லாம் அப்பதான். டைம் கணக்கு பாருங்க, குளிர்காலத்துல அவங்க நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. நம்ம ராத்திரி பதினொரு மணி அவ வீட்ல சாயங்காலம் ஆறரை. மரத்துல லைட்டு போட்டு எல்லாரும் உக்கார்ற நேரம். உங்க வீட்ல சிக்னல் மாடி மூலைலதான் கெடைக்கும்னு நீங்களே வேற எடத்துல எழுதியிருக்கீங்க. ஆக அந்த புள்ள உங்க எல்லாரையும் ஒதுக்கிட்டு அங்க போகல, வருஷத்துல ஒரு தடவ வர்ற ராத்திரிக்கு தன் வீட்டுக்கு போயிருக்கு, அதுக்கு அந்த மூலைதான் வாசல்.

நீங்க தீபாவளி அன்னிக்கு ஜெர்மனில இருக்கீங்கன்னு வெச்சுக்கங்க, விடியக்காலம் எண்ணெய் தேச்சு குளிக்கிற நேரத்துல உங்கள ஒம்பது பேர் சுத்தி உக்காந்து ஜெர்மன் பாட்டு பாடுறாங்க, மறுநாள் காலைல அன்பா ஒரு டப்பா லட்டு வாங்கிட்டு வந்து கை தட்டுறாங்க. நல்ல மனுஷங்கதான். ஆனா அழுகை வரும்ல? 25ந்தேதி கேக் அழுகைய அம்மா சந்தோஷ அழுகைன்னு நெனச்சிருக்காங்க. ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும். இந்த தேதி விஷயத்த அம்மாட்ட சொல்லுங்க, பாதி கோவம் அங்கயே கொறையும். தெரியாம போனது யாரு தப்பும் இல்ல, லேனாவும் சொல்லியிருக்கலாம். விருந்தாளியா போன எடத்துல 'இன்னிக்கு எங்க வீட்டு பண்டிகை, எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க'ன்னு கேக்க இருவது வயசுல எத்தன பேருக்கு வாய் வரும்னு தெரியல, எனக்கு வந்திருக்காது.

எந்த நாள் அவ சிரிச்சா

ஆத்தங்குடி போன 23ந்தேதிய நீங்க ரெண்டே வரில முடிச்சிட்டீங்க. 'கல்லு பட்டறைல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டா, கெளப்புறதே கஷ்டமாயிருச்சு.' எனக்கு அந்த ரெண்டு வரிதான் முக்கியமா பட்டுச்சு. ஆத்தங்குடி தரைக்கல்லுக்கு கண்ணாடி மேல அச்ச வெச்சு கலர் சிமெண்ட ஊத்துறத பாத்தவங்களுக்கு தெரியும், கை கொஞ்சம் நடுங்கினா பச்சை போய் செவப்புல கலந்துரும், அப்பறம் மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, அதுக்கு மேல ஈரக்கலவைய போட்டு கரண்டியால மட்டம் தட்டணும். பட்டறைல வேலை பாக்கற அண்ணன் லேனா கைல கரண்டிய குடுத்திருக்கார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இவளுக்கு தமிழ் தெரியாது, ஒரு பிரச்னையும் வரல. கெளம்புறப்ப அவர்ட்ட கும்பிடு போட்டுட்டு வந்திருக்கா.

மறுநாள்லருந்து அவ கைல என்ன வேலை இருந்துச்சுன்னு லெட்டர்ல தேடி பாத்தேன். ஒண்ணும் இல்ல. உக்காரு, சாப்புடு, இங்க பாரு, செல்ஃபிக்கு சிரி. தண்ணி மொண்டு குடிக்க போனாக்கூட ஒரு சித்தி ஓடி வந்து டம்ளர வாங்கியிருக்காங்க. ராத்திரி ஹால்ல ஜமுக்காளம் விரிச்சு அக்கா தங்கச்சிங்க அஞ்சு பேருக்கு நடுவுல படுக்கை. நமக்கு அது பாசம், நம்ம விருந்தோம்பல்ல கொற சொல்ல யாரும் இல்ல. ஆனா மூணு நாள் ஒரு மனுஷி பாஷை புரியாம, வேலை இல்லாம, கதவு சாத்திக்க ஒரு எடம் இல்லாம நடு வளவுல உக்காந்திருந்தா எப்படி இருக்கும்?

எனக்கு இது எப்படி தெரியும்னா, காலேஜ் படிக்கறப்ப ஓணம் லீவுக்கு ரூம்மேட் வீட்டுக்கு திருச்சூர் பக்கம் போனேன். மலையாளம் கிட்டத்தட்ட தமிழ்தானே, புரிஞ்சிரும்னு தெனாவெட்டா போனவ, மொத நாள் சாயங்காலத்துக்குள்ள ஊமை ஆயிட்டேன். எல்லாரும் சிரிக்கிறப்ப அர செகண்ட் லேட்டா சிரிச்சு சிரிச்சு தாடை வலிச்சுது. ரெண்டாம் நாள் அவளோட பாட்டி ஒண்ணும் பேசாம தேங்கா துருவுற பலகைய என் பக்கம் தள்ளி விட்டாங்க. பதினஞ்சு தேங்கா. துருவி முடிச்சப்ப நான் அந்த வீட்டு ஆளு. அந்த லீவுல எனக்கு சத்தியமா நல்லா ஞாபகம் இருக்கறது அந்த பதினஞ்சு தேங்காதான், பூக்களமெல்லாம் இல்ல.

பணியாரம்

இப்ப கஷ்டமான எடத்துக்கு வர்றேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

செட்டு லேனாவுக்கு வெச்ச பட்டப்பேரு வெள்ளைப் பணியாரம். ரெண்டு நாளா அவ காதுபடவே பணியாரம் பணியாரம்னு கூப்பிட்டு சிரிச்சிருக்காங்க. அவ உங்ககிட்ட கேட்டா, நீங்க 'அது ஒரு ஸ்வீட்டு பேரு, உனக்கு புடிக்குமான்னு கேக்குறாங்க'ன்னு சொல்லிட்டீங்க. 26 காலைல சட்னியோட தட்டுல வெள்ளை வெளேர்னு நாலு பணியாரம் வருது, அப்பத்தா 'வெள்ளைப் பணியாரம் ஆத்தா, சாப்புடு'ன்னு வெரல் வெச்சு காட்டுறாங்க. ஸ்வீட்டே இல்ல. தட்ட பாத்தா, தன் கைய பாத்தான்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு நிமிஷத்துல அவளுக்கு செட்டு கிண்டல் பண்ணதும் தெரிஞ்சிருச்சு, அதவிட பெருசா நீங்க பொய் சொன்னதும் தெரிஞ்சிருச்சு.

பட்டப்பேர் வெக்கிறது நம்ம பசங்களுக்கு ஒருத்தர சேத்துக்கறதுக்கு அடையாளம்தான், எனக்கு தெரியும், உங்க செட்டுலயே ஒருத்தன் பேரு மண்டி, ஒருத்தி பேரு உக்கரைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ரெண்டும் நம்ம பக்கத்து சாப்பாட்டு பேருதான். அதே கணக்குல அவளுக்கும் வெச்சாங்க. ஆனா மண்டிக்கு தன் பேரு மண்டின்னு தெரியும், அவன் திருப்பி அடிப்பான். லேனாவுக்கு அர்த்தமே தெரியாம வெச்ச பேரு அது, அதுவும் தோல் கலர வெச்சு. நம்மள ஒருத்தர் வெளிநாட்டுல கலர வெச்சு ஒரு பண்டத்தோட பேர் சொல்லி கூப்பிட்டா பாசம்தான்னு விட்ருவோமா?

இன்னும் ரெண்டு எடம் இருக்கு. உங்க சித்தி 'அப்பா கூட இல்லையா, ஐயோ பாவம், வேற கட்டிக்கிட்டாரா'ன்னு கேட்டத நீங்க 'உன் ஃபேமிலி எப்படி இருக்காங்கன்னு கேக்குறாங்க'ன்னு மாத்துனீங்க. லேனா, 'சமையல் அக்கா ஏன் எல்லாரும் சாப்பிட்ட பெறகு பின்கட்டுல தனியா உக்காந்து சாப்பிடறாங்க'ன்னு அம்மாட்ட கேக்க சொன்னத நீங்க 'கோழி உப்பு வறுவல் ரெசிப்பி கேக்குறாம்மா'ன்னு மாத்துனீங்க. அம்மா சந்தோஷமா ஒரு பக்கம் எழுதி குடுத்திருக்காங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அந்த பேப்பர கைல வாங்கிட்டு லேனா என்ன நெனச்சிருப்பான்னு சங்கடமாவும் இருந்துச்சு.

நாலு நாளா நீங்க ரெண்டு பக்கமும் வடிகட்டிதான் குடுத்திருக்கீங்க தேனு. அவங்க பேசினது அவளுக்கு போகல, அவ பேசினது அவங்களுக்கு போகல, ரெண்டு பக்கமும் பாத்தது நீங்க நல்லா இருக்கணும்னு செஞ்சு வெச்ச பொம்மைய. சண்டை வரக்கூடாதுன்னுதான் செஞ்சீங்க, புரியுது. ஆனா சித்தி அப்படி கேட்டிருந்தா லேனா பதில் சொல்லியிருப்பா, ஒருவேள நல்லாவே சொல்லியிருப்பா. சமையல் அக்கா கேள்விக்கு அம்மாட்ட பதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், அது அம்மா பாடு. அந்த கேள்வில கூசிப்போனது நீங்கதான். சின்ன வயசுலருந்து பாத்துட்டு இருக்கற ஒண்ண வெளியிலருந்து வந்தவ சட்டுனு தொட்டுட்டா. அத தனியா யோசிங்க, லேனாவ அதுல இழுக்க வேணாம்.

செட்டு சொல்ற குத்தச்சாட்டுல பாதி எனக்கு நியாயமா படுது. 'கத்தி பேசாதீங்கடா'ன்னு நாலு தடவ சொன்னதா நீங்களே எழுதியிருக்கீங்க. வழக்கமா உக்கார்ற பரோட்டா கடைய விட்டுட்டு ஏசி போட்ட எடமா தேடி போனீங்க, அங்க மண்டிக்கு மெனு கார்டு படிக்க கூச்சம், அவன் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்தான். அவனுங்க மூணு நாள் பெட்ரோல் போட்டு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல தட்டுத்தடுமாறி பேசி பாத்திருக்கானுங்க. அவங்களுக்கும் வலிக்கும்.

அந்த ரீல்

இது தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்கார்த்திகையிலருந்து 21ம் நாள் நகரத்தார் வீடுகள்ல பிள்ளையார் நோன்பு. 21 நூல் சேத்து திரிச்ச இழைய வெல்லமும் நெய்யும் சேத்து பெசைஞ்ச மாவுல வெச்சு ஏத்தி, வீட்டு பெரியவங்க குடுக்க குடுக்க, எரியறப்பவே அப்படியே வாயில போட்டுக்கணும். பழகினவங்களுக்கு ஒண்ணுமில்ல, வாய மூடினதும் அணைஞ்சிரும். மொத தடவ பாக்கறவங்களுக்கு பகீர்னு இருக்கும். அப்பத்தா 'எடுக்குறியா ஆத்தா'ன்னு கேட்டு, லேனா தலையாட்டி, தைரியமா வாயில போட்டு, கண்ணு ரெண்டும் விரிஞ்சு, இருமல். அத 14 செகண்ட் வெட்டி சினிமா காமெடி வாய்ஸ் போட்டு விட்டுட்டான் உங்க ஃப்ரெண்டு. 11,000 பேர் பாத்தாச்சு.

நீங்க 'அவளே சம்மதிச்சுத்தானே எடுத்தா, அப்பறம் என்ன'ன்னு கேக்குறீங்க. இழை எடுக்கத்தான் சம்மதிச்சா. ஊரே பாத்து சிரிக்க சம்மதிக்கல. அவ ஊர்ல ஒருத்தர் படத்த அவங்க சம்மதம் இல்லாம பரப்பக்கூடாதுன்னு 1907லயே சட்டம் இருக்கு, அவ வளந்த விதமே அப்படி. நம்ம ஊர்லயும் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டோட ஒம்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. கோர்ட்டுக்கு போற விஷயம் இல்ல இது, அவ்வளவு தூரம் யோசிக்க வேணாம். ஆனா ரீல் எறங்கணும், இன்னிக்கே. குரூப்ல போட்டு சண்டை போடாதீங்க, அங்க எல்லாருக்கும் ரோஷம் வரும், அவன தனியா கூப்பிட்டு, 'அவ அத பாத்துட்டு வருத்தப்பட்டிருக்கா, எடுத்துர்றா'ன்னு நேரா சொல்லுங்க. மாட்டேன்னா அந்த ஆப்லயே புகார் குடுக்கற வழி இருக்கு, லேனாவே குடுக்கலாம், எப்படின்னு காட்டி குடுங்க.

அப்பறம் ஒண்ணு. லெட்டர் கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்க, இருமி முடிச்சிட்டு லேனா சிரிச்சு, அப்பத்தாட்ட மறுபடியும் கை நீட்டினான்னு. இன்னொரு இழை கேட்டிருக்கா! ரீல்ல அது இல்ல, அதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. நம்ம ஊர் அவளுக்கு புடிக்கலையோன்னு நாலு பக்கம் எழுதின நீங்க இத எப்படி கடைசி வரில தள்ளுனீங்கன்னுதான் எனக்கு புரியல.

பெரியப்பா சொன்ன போலீஸ் விஷயம்

நான் வக்கீல் இல்ல, ஆனா எங்க வீட்லயே வெளிநாட்டு ஆளுங்க தங்கினதால இது கொஞ்சம் தெரியும். பெரியப்பா சொன்னதுல பாதிதான் சரி. வெளிநாட்டுக்காரங்கள வீட்ல தங்க வெக்கிறது குத்தம் இல்ல. ஆனா தங்க வெச்சா 24 மணி நேரத்துக்குள்ள அத ஆன்லைன்ல பதிவு பண்ணணும், பழக்கத்துல சி ஃபார்ம்னு சொல்றது. ஹோட்டலுக்கு மட்டும்தான்னு பல பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, சாதாரண வீட்டுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1லருந்து பழைய சட்டங்களுக்கு பதிலா புது குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கு, அதுலயும் இந்த கடமை அப்படியே இருக்கு. அவ பாஸ்போர்ட், விசா விவரம் வேணும், உங்க அப்பச்சி, அதாவது அப்பா பேர்ல பண்ணிக்கலாம். சந்தேகம்னா காலேஜ்ல வெளிநாட்டு மாணவர்கள பாக்கற ஆபீஸ்ல கேளுங்க, இல்ல சிவகங்கை எஸ்பி ஆபீஸ்ல கேளுங்க. டிசம்பர்ல பண்ணாம விட்டத மறைக்கவோ தேதி மாத்தி போடவோ போகாதீங்க, தெரியாம விட்டுட்டோம்னு அங்கயே சொல்லி என்ன செய்யணும்னு கேட்டுக்கங்க.

பொங்கலுக்கு

மொதல்ல மன்னிப்பு, அப்பறம்தான் அழைப்பு. ரெண்டையும் ஒரே மெசேஜ்ல போட்றாதீங்க, கூப்பிடறதுக்காக மன்னிப்பு கேட்ட மாதிரி ஆயிரும். நேர்ல, கேண்டீன் வேணாம், நடந்துட்டே பேசுங்க. 'பணியாரம்னா என்னன்னு நீ கேட்டப்ப நான் பொய் சொன்னேன். வேற ரெண்டு எடத்துலயும் மாத்தி சொன்னேன். ரீல எடுக்க சொல்லிட்டேன். 24ந்தேதி உங்க வீட்டு ராத்திரின்னு எனக்கு தெரியாது.' இவ்வளவு போதும். 'ஆனா பசங்க நல்லவனுங்க'ன்னு ஒரு வால ஒட்டாதீங்க. நல்லவனுங்கதான், அத அவ கண்டுபிடிக்கட்டும். அவ கோவப்பட்டா கோவப்படட்டும், பதிலுக்கு நீங்க அழ ஆரம்பிச்சீங்கன்னா அப்பறம் அவதான் உங்கள தேத்தணும், அது நியாயம் இல்ல.

அவ சரின்னா உங்க முன்னாடி மூணு வழி இருக்கு. கூப்பிடாம விடறது, நீங்க மட்டும் ஊருக்கு போறது. அதுல தப்பு இல்ல, ஆனா அவ ஹாஸ்டல்ல ஒத்தையில இருப்பா, நீங்க ஊர்ல இருந்தும் இருக்க மாட்டீங்க. இல்ல, மறுபடி செட்டோட ஒரு வாரம் பிளான் போடறது, அது இப்ப வேணாம், ரெண்டு பக்கமும் புண்ணு ஆறல. எனக்கு சரின்னு படறது நடுவுல உள்ளது: ரெண்டு ராத்திரி மட்டும், ரிட்டர்ன் டிக்கெட் அவ கைலயே இருக்கணும், முன்னாடியே கெளம்பணும்னு தோணினா ப்ராஜெக்ட் இருக்குன்னு கத விட வேண்டிய அவசியம் இல்லாம கெளம்பிக்கலாம்னு சொல்லி வெச்சிருங்க.

மாடில ஒரு அறை பூட்டியே கெடக்குன்னு எழுதியிருக்கீங்கள்ல, பழைய சாமான ஒரு ஓரமா தள்ளிட்டு ஒரு கட்டில் போடுங்க, உள்ள தாழ்ப்பாள் இருக்கணும், மத்தியானம் ரெண்டு மணி நேரம் யாரும் கதவ தட்டக்கூடாது. அம்மாட்ட முன்னாடியே சொல்லுங்க, தூங்க போனா கோச்சுக்கிட்டு போறான்னு அர்த்தம் இல்ல.

செவ்வாய் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை அயித்தை வீட்டுக்கு போறதா எழுதியிருக்கீங்க. கூட்டத்த பாத்து பயந்துருவாளோன்னு கேக்குறீங்க. எனக்கு அப்படி தோணல. கண்ணுடைய நாயகி கோயில் முன்னாடி வரிசையா நூத்துக்கணக்குல பானை வெச்சு பொங்கல் வெக்கிற எடத்துல யாருக்கும் ஒருத்தர சுத்தி நின்னு வேடிக்கை பாக்க நேரம் இருக்காது, அவங்கவங்களுக்கு அவங்கவங்க அடுப்பு. அயித்தைட்ட சொல்லி அவ கைல அகப்பைய குடுங்க, இல்ல வெறகு எடுத்து குடுக்கற வேலைய குடுங்க. பொகைல கண்ணு எரிஞ்சு எல்லாரும் அழுதுட்டு இருப்பாங்க, அவளும் சேந்து அழுதுக்கட்டும். ஆனா செவ்வாய்க்கெழமை எப்ப வருதுன்னு பாத்துக்கங்க, ரெண்டு ராத்திரின்னு சொல்லிட்டு அஞ்சு நாளா இழுக்காதீங்க, பொங்கலா செவ்வாய் பொங்கலான்னு அவளையே கேட்டு ஒண்ண முடிவு பண்ணுங்க.

செட்ட மொத்தமா ஒதுக்க வேணாம். மண்டிய மட்டும் ஒரு சாயங்காலம் வரச்சொல்லுங்க, அந்த பரோட்டா கடைக்கே போங்க. அவன் அவளுக்கு வெச்ச பேருக்கு அர்த்தத்த அவனே சொல்லட்டும், தன் பேருக்கும் சேத்து. அவ பதிலுக்கு அவனுக்கு ஒரு ஜெர்மன் பட்டப்பேர் வெச்சா நீங்க குறுக்க போகாதீங்க.

இன்னொண்ணு, இத வேகமா சொல்லிட்டு போறேன். லேனா கிளாஸுக்கு வராம, சாப்பிடாம, தூங்காம ரெண்டு வாரத்துக்கு மேல இழுக்கற மாதிரி தெரிஞ்சா அது வெறும் கோவமோ ஊர் ஞாபகமோ இல்ல, காலேஜ் கவுன்சிலர்ட்ட கூட்டிட்டு போங்க. அரசோட மனநல உதவி ஃபோன் டெலி மானஸ் 14416 இருக்கு, இருவத்திநாலு மணி நேரமும், காசு கெடையாது, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு லெட்டர் எழுதற உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அப்பத்தா தினம் 'அந்த புள்ள எப்ப வரும்'னு கேக்குறாங்க, என்ன பதில் சொல்றதுன்னு தெரியலன்னு முடிச்சிருக்கீங்க. நீங்க ஏன் பதில் சொல்றீங்க? லேனாகிட்ட மன்னிப்பு கேட்டு முடிச்ச அடுத்த வாரம், அவளுக்கு சம்மதம்னா, ஊருக்கு வீடியோ கால் போட்டு ஃபோன அவ கைல குடுங்க. அந்தப்பக்கம் அப்பத்தா தமிழ்ல பேசட்டும், இந்தப்பக்கம் அவ வாய்க்கு வந்தத பேசட்டும். நீங்க நடுவுல உக்காந்து மொழிபெயர்க்காதீங்க, எந்திரிச்சு போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க.